தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி



தமிழகத்திலிருந்து தில்லிக்கு வந்து வாழ்ந்தோர் பலவகையினர். அரசாங்க அலுவலகங்களிலே கோப்புகளைக் கவனித்தவர்கள், கல்லூரிகளிலே பாடம் சொன்னவர்கள், கரோல் பாகிலே கடை நடத்தியவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள் என்று அந்த வரிசை நீளும். அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் தீர்ப்பு எழுதுவதற்காக வந்தார். ஆறு ஆண்டுகளுக்குச் சற்று மேலாக இந்நகரில் நீதிபதியாக அமர்ந்தார். நாம் எந்த மாநிலத்திலே குடியிருந்தாலும், நம் மொழியிலே வெளிவரும் ஓர் ஏட்டைத் தடையின்றி வரவழைத்துப் படிக்கிறோம் அல்லவா? அந்த உரிமைக்கு அவர் எழுதிய சில பக்கங்கள் இன்றும் துணை நிற்கின்றன. அவர்தாம் மண்டகொளத்தூர் பதஞ்சலி சாஸ்திரி. உச்ச நீதிமன்றத்தின் இரண்டாவது தலைமை நீதிபதி. அவருடைய வாழ்வையும் பணியையும் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விழைகின்றேன்.

நீதிபதியின் வாழ்க்கையை எழுதுவது எளிதன்று. அரசியல் தலைவருக்குப் பொதுக்கூட்டங்கள் உண்டு. போர் வீரனுக்குக் களங்கள் உண்டு. நீதிபதிக்கு உள்ளது தீர்ப்பு ஒன்றே. ஆகவே, பதஞ்சலி சாஸ்திரியாரை அறிய வேண்டுமாயின், அவருடைய தீர்ப்புகளுக்குள்ளேதான் அவரைத் தேட வேண்டும்.

அவர் 1889-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் பிறந்தார். அவருடைய பெயருக்கு முன் நிற்கும் மண்டகொளத்தூர், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். தந்தையார் கிருஷ்ண சாஸ்திரி, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் வடமொழிப் பண்டிதராக இருந்தவர். வடமொழி இலக்கணத்திற்குப் பேருரை செய்த முனிவரின் பெயரையே மகனுக்கு இட்டார். ஒரு சொல் ஏன் அவ்விடத்தில் நிற்கிறது, வேறு சொல் நின்றால் பொருள் எவ்வாறு மாறும் என்று ஆராய்வது இலக்கண ஆசிரியர்களின் வழக்கம். மகனார் கற்றது சட்டம்; எனினும் அந்த வழக்கம் அவருடைய தீர்ப்புகளிலும் விளங்கக் காண்கிறோம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுச் சட்டமும் பயின்று, 1914-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். வரிச் சட்டத்தில் அவருக்குத் தனித் தேர்ச்சி உண்டாயிற்று. 1922-இல் வருமான வரி ஆணையரின் வழக்கறிஞராக அமர்ந்தார். வரிச் சட்டம் கேட்போரைக் கிளர்ச்சியுறச் செய்யும் துறையன்று. சட்டத்தில் எழுதியுள்ள சொல் இடம் தந்தால் வரி உண்டு; இல்லையேல் இல்லை. இரக்கத்துக்கும் வெறுப்புக்கும் அங்கே இடம் குறைவு. பிற்காலத்தில் குடிமக்களின் அடிப்படை உரிமைகளை ஆராய்ந்தபோதும் அவர் இந்தக் கண்டிப்பைக் கைவிடவில்லை.

1939-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். அப்பொழுது சென்னை மாகாணத்தில், இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த விவசாயக் கடன் நிவாரணச் சட்டம் புதியது. கடன் கொடுத்தோரும் கடன்பட்ட உழவரும் அச்சட்டத்தின் ஒவ்வொரு விதியையும் பற்றி வழக்காடினர். நீதிபதி வாட்ஸ்வொர்த்துடன் அமர்ந்து அச்சிக்கலான வழக்குகளைத் தீர்த்ததனால் பதஞ்சலி சாஸ்திரியாரின் பெயர் நிலைபெற்றது.

இனித் தில்லிக்கு வருவோம். 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டப்படி, பெடரல் கோர்ட் எனப்பட்ட சமஷ்டி நீதிமன்றம் 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொடங்கிற்று. சர் மாரிஸ் குவையர் அதன் முதல் தலைமை நீதிபதி. நாடாளுமன்றக் கட்டடத்தில் சுதேச மன்னர்களின் அவைக்கெனக் கட்டிய மண்டபத்திலே அந்நீதிமன்றம் கூடிற்று. அந்தக் கட்டடம் 2023 முதல் சம்விதான் சதன் என்று வழங்கப்படுகிறது. சென்னையிலிருந்து அங்கே முதலிற் சென்றவர் சர் ஸ்ரீநிவாச வரதாச்சாரியார். அவர் 1939-இல் நீதிபதியாகி, 1943-இல் சில வாரங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் விளங்கினார். நாடு விடுதலை பெற்ற பின்னர், 1947-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் பதஞ்சலி சாஸ்திரியார் அதே மன்றத்தின் நீதிபதியானார்.

1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு நாள் கழித்து, அதே மண்டபத்தில் உச்ச நீதிமன்றம் தொடங்கிற்று. முதல் நீதிபதிகள் அறுவர்: தலைமை நீதிபதி கானியா, பஸல் அலி, பதஞ்சலி சாஸ்திரி, மஹாஜன், முகர்ஜி, எஸ். ஆர். தாஸ். அவர்கள் கையில் இருந்ததோ மை உலராத ஒரு சட்டம். அதன் சொற்களுக்கு இந்தியாவில் முன்னோர் சொன்ன பொருள் எதுவும் இல்லை. பொருள் சொல்லும் பொறுப்பு அவர்களுடையதாயிற்று.

அந்தப் பொறுப்பு உடனே வந்து சேர்ந்தது. மலையாளக் கரையைச் சேர்ந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன் விசாரணையின்றிச் சென்னை இராஜ்யச் சிறையில் வைக்கப்பட்டிருந்தார். தடுப்புக் காவல் சட்டம் செல்லாது என்று அவர் முறையிட்டார். 1950 மே 19-ஆம் நாள் வந்த தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள், ஒரு பிரிவு நீங்கலாக, அச்சட்டத்தை நிலைநிறுத்தினர். பதஞ்சலி சாஸ்திரியாரும் அப்பெரும்பான்மையில் ஒருவர். ஆனால் அவர் எழுதியதை ஊன்றிப் படிப்போர் ஒன்றைக் கவனிப்பர். அமைதிக் காலத்திலே விசாரணையின்றிச் சிறைவைக்க இடந்தரும் விதி, குடியாட்சிக்குரிய அரசியலமைப்பில் அச்சந்தரும் தோற்றத்தோடு பொருந்தாது நிற்கிறது என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். எழுதிவிட்டு, அவ்விதியை அரசியலமைப்பை ஆக்கியோரே வைத்திருத்தலால், அதை நீக்கும் அதிகாரம் தமக்கில்லை என்று ஒதுங்கினார். தமக்கு உவப்பில்லாத சொல்லுக்கும் அவர் கட்டுப்பட்டார்.

இதற்கு ஒரு வாரம் கழித்து, 1950 மே 26-ஆம் நாள், வேறொரு தீர்ப்பு வந்தது. பம்பாயில் அச்சாகி வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் ஆங்கில வார இதழைச் சென்னை இராஜ்யத்துக்குள் வரவும் பரவவும் விடாது, மார்ச்சு முதல் நாள் சென்னை அரசாங்கம் ஆணை பிறப்பித்திருந்தது. இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர், உயர் நீதிமன்றத்துக்குச் செல்லாமல் நேரே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். சென்னையின் அட்வொகேட் ஜெனரல் ராஜா ஐயர் அரசாங்கத்துக்காக வாதாடினார். ஆசிரியருக்காக வாதாடியவர் சி. ஆர். பட்டாபிராமன். தீர்ப்பு எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. சென்னையில் எழுந்த வாதத்தைச் சென்னையிலிருந்து வந்தோரே தில்லி மண்டபத்தில் ஆராய்ந்து தீர்த்தனர் என்று சொல்லலாம்.

முதலில் உயர் நீதிமன்றத்துக்கன்றோ சென்றிருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் முதல் தடை. சாஸ்திரியார் அதை ஏற்கவில்லை. அடிப்படை உரிமையைக் காக்க உச்ச நீதிமன்றத்தை நாடுவது தானே ஓர் அடிப்படை உரிமை; அவ்வாறு நாடி வந்தவரை வேறு வாயிலுக்கு அனுப்புவது இம்மன்றத்தின் கடமைக்கு ஒவ்வாது என்றார்.

அடுத்து, பேச்சுரிமை என்பதில் பரப்பும் உரிமையும் அடங்குமா என்னும் வினா. ஒருவன் எழுதலாம், அச்சிடலாம், ஆனால் அச்சிட்டது எல்லையைத் தாண்டக் கூடாது என்றால், அவன் எழுதியதனால் பயன் என்ன? கருத்துப் பரவுவதற்கு உரிய உரிமையும் பேச்சுரிமையின் பகுதியே என்று அவர் முடிவு செய்தார். நேயர்களே, வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இந்த முடிவின் பயன் சொல்லாமலே விளங்கும். நாம் படிக்கும் ஏடு பெரும்பாலும் வேறு மாநிலத்தில் அச்சாகி, எல்லைகள் பல கடந்து நம் கைக்கு வருவது. அது எல்லையிலே நிறுத்தப்படுமானால், ஆசிரியருக்கு வாய் அடைபடும். நமக்குச் செவி அடைபடும்.

மூன்றாவது வினாவே வழக்கின் உயிர்நிலை. அன்றைய அரசியலமைப்பின்படி, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, ஒழுக்கக்கேடு போன்றவை தவிர, அரசின் பாதுகாப்பைக் குலைப்பதையும் அரசைக் கவிழ்க்க முற்படுவதையும் தடுப்பதற்கே பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம். சென்னைச் சட்டமோ 'பொதுப் பாதுகாப்பு', 'பொது ஒழுங்கு' என்னும் சொற்களைக் கையாண்டது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றல்ல என்று சாஸ்திரியார் காட்டினார். குற்றவியல் சட்டத்தில், பொதுப் பாதுகாப்பைப் பற்றிய அத்தியாயத்தில், பொதுச் சாலையில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதும் ஒரு குற்றம். அது பொதுப் பாதுகாப்புக்குக் கேடு; ஆனால் அதனால் அரசு கவிழ்ந்துவிடுமோ? அவ்வளவு விரிந்த சொல்லைக் கொண்டு ஏட்டைத் தடுக்க அரசியலமைப்பு இடந்தரவில்லை. வரைவுச் சட்டத்தில் இருந்த 'இராஜ துரோகம்' என்னும் சொல்லை அரசியல் நிர்ணய சபை வேண்டுமென்றே நீக்கியதையும் அவர் எடுத்துக்காட்டினார். அரசாங்கத்தைக் குறைகூறுவதும் அதன்மேல் வெறுப்பு விளைவிப்பதும் மட்டுமே ஏட்டைத் தடுக்கப் போதிய காரணம் ஆகா என்பது இதனால் பெறப்பட்டது.

அமெரிக்க அரசியலமைப்பை ஆக்கியோருள் ஒருவரான ஜேம்ஸ் மாடிசனின் கருத்தையும் அத்தீர்ப்பில் அவர் நினைவூட்டினார். மரத்தில் தீய கிளைகள் சில இருப்பினும் இருக்கட்டும். அவற்றை வெட்டப் புகுந்து நற்கனி தரும் கிளைகளின் வலுவைக் கெடுத்துவிடலாகாது என்பது அதன் சாரம்.

அதே நாளில் வேறொரு வழக்கும் தீர்ந்தது. தில்லியில் வெளிவந்த 'ஆர்கனைஸர்' என்னும் வார இதழ், சில வகைச் செய்திகளை அச்சிடுமுன் அதிகாரிகளிடம் காட்டி இசைவு பெற வேண்டுமென்று தில்லித் தலைமை ஆணையர் உத்தரவிட்டிருந்தார். அந்த உத்தரவும் செல்லாது என்றார் சாஸ்திரியார். 'கிராஸ் ரோட்ஸ்' இடதுசாரிகளின் ஏடு. 'ஆர்கனைஸர்' ராஷ்ட்ரீய ஸ்வயம்சேவக சங்கத்தின் சார்புடையது. ஒன்றை ஒன்று ஒப்பாத இரு தரப்பினரும் ஒரே நாளில், ஒரே நீதிபதியின் எழுத்தால், ஒரே உரிமையைப் பெற்றனர். இரு வழக்குகளிலும் மாறுபட்டவர் பஸல் அலி ஒருவரே. அவரோ, ஒரு வாரத்துக்கு முன் கோபாலன் வழக்கிலே கைதியின் பக்கம் நின்று மாறுபட்டவர். நீதிபதிகளை இன்ன கட்சியார் என்று முத்திரை குத்துவது எவ்வளவு பிழை என்பதற்கு இது சான்று.

அரசாங்கம் இத்தீர்ப்புகளால் மகிழவில்லை. 1951-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறிற்று. 'பொது ஒழுங்கு' என்னும் சொல் அப்பொழுதுதான் அரசியலமைப்பின் கட்டுப்பாட்டு விதியில் ஏறிற்று. அதாவது, சாஸ்திரியார் எந்தச் சொல் இல்லையென்று சொன்னாரோ, அந்தச் சொல்லையே நாடாளுமன்றம் சேர்த்தது. கூடவே, கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருத்தல் வேண்டும் என்னும் சொல்லும் சேர்ந்தது. சாதி வாரியாகக் கல்லூரி இடங்களை ஒதுக்கிய சென்னை அரசாணையை உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் தள்ளியதை ஒட்டி, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யும் விதியும் இதே திருத்தத்தில் இடம்பெற்றது. நிலச் சீர்திருத்தச் சட்டங்களுக்கும் பாதுகாப்பு அளிக்கப்பட்டது.

திருத்தத்தை எதிர்த்து ஜமீன்தார்கள் வழக்குத் தொடுத்தனர். அடிப்படை உரிமையைக் குறைக்கும் சட்டம் செல்லாது என்று அரசியலமைப்பே கூறும்போது, திருத்தம் மட்டும் எவ்வாறு செல்லும் என்பது அவர்கள் வாதம். சங்கரி பிரசாத் வழக்கு எனப்படும் இதில், 1951 அக்டோபர் 5-ஆம் நாள் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தந்த தீர்ப்பை எழுதியவரும் பதஞ்சலி சாஸ்திரியே. சாதாரணச் சட்டம் இயற்றும் அதிகாரம் வேறு, அரசியலமைப்பையே திருத்தும் அதிகாரம் வேறு; திருத்தம் செல்லும் என்றார். தாம் எழுதிய தீர்ப்பின் விளைவை மாற்றிய திருத்தத்தையே அவர் நிலைநிறுத்தினார். அதில் மனக்கசப்பின் சாயலைக் காண முடியாது. சொல் மாறிற்று, மாறிய சொல்லுக்கு அவர் உண்மையாக இருந்தார்.

1951 நவம்பர் 6-ஆம் நாள் தலைமை நீதிபதி கானியா பதவியில் இருக்கும்போதே காலமானார். மறுநாள் பதஞ்சலி சாஸ்திரியார் தலைமை நீதிபதியானார். அடுத்த மார்ச்சு 31-ஆம் நாள், மீண்டும் ஒரு சென்னை வழக்கிலே அவர் எழுதிய தீர்ப்பு, அவருடைய தீர்ப்புகளுள் மிகவும் எடுத்தாளப்படுவது. மக்கள் கல்விச் சங்கம் என்னும் அமைப்பைச் சென்னை அரசாங்கம் சட்ட விரோதமானதென அறிவித்தது. அதன் செயலாளர் வி. ஜி. ராவ் சென்னை உயர் நீதிமன்றத்திலே வென்றார். அரசாங்கம் மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஒரு சங்கம் தீயது என்று அரசாங்கம் தானே கருதிக்கொண்டு, அதைக் கெஜட்டிலே வெளியிட்டுவிட்டு, நீதிமன்ற விசாரணைக்கு இடமே வைக்காதிருப்பது நியாயமான கட்டுப்பாடு ஆகாது என்றார் சாஸ்திரியார்.

எது நியாயம் என்று அளப்பது எப்படி? அதற்கும் அவர் வழி வகுத்தார். பறிபோகும் உரிமை எத்தகையது, கட்டுப்பாட்டின் நோக்கம் யாது, தடுக்க வேண்டிய தீமை எவ்வளவு பெரிது, எவ்வளவு அவசரமானது, மருந்து நோய்க்கு மிஞ்சியதா, அக்காலச் சூழ்நிலை யாது என்பவற்றையெல்லாம் சேர்த்தே எடை போட வேண்டும். எடை போடும்போது நீதிபதியின் சொந்த மனப்பாங்கும் நுழைந்துவிடும் என்பதை அவர் மறைக்கவில்லை. அதனால்தான் நீதிபதிக்குத் தன்னடக்கம் வேண்டும். அரசியலமைப்பு தம்மைப்போல எண்ணுவோருக்காக மட்டும் ஏற்பட்டதன்று, எல்லோருக்குமாக ஏற்பட்டது என்னும் நினைவு வேண்டும் என்று அறிவுறுத்தினார். சிறுபான்மையினராக ஒரு நகரில் வாழ்வோர்க்கு இதைவிட ஆறுதலான சொல் வேறு இல்லை.

அதே தீர்ப்பில் அமெரிக்காவோடு ஓர் ஒப்புமையும் உண்டு. அமெரிக்க அரசியலமைப்பில், சட்டங்களைச் செல்லாதவை ஆக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு வெளிப்படையாக எழுதி வைக்கப்படவில்லை. 1803-ஆம் ஆண்டில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அதைத் தருக்க வழியாலே நிறுவினார். நமது அரசியலமைப்போ அதை எழுத்திலேயே தந்துள்ளது. ஆதலால் இந்திய நீதிமன்றங்கள் சட்டசபைகளோடு போர் தொடுக்கின்றன என்று எண்ணுவது தவறு. இட்ட கடமையைச் செய்கின்றன, அவ்வளவே என்றார். அடிப்படை உரிமைகளைப் பொறுத்தமட்டில் நீதிமன்றம் விழித்திருக்கும் காவலாள் என்று அவர் கூறியது பின்னர் பல தீர்ப்புகளில் திரும்ப ஒலித்தது.

அவர் எழுதியவை எல்லாம் காலத்தை வென்று நின்றன என்று சொல்வதற்கில்லை. மேற்கு வங்காளத்தின் தனி நீதிமன்றச் சட்டம் பற்றிய அன்வர் அலி சர்க்கார் வழக்கில், 1952 ஜனவரியில், அச்சட்டம் செல்லும் என்று மாறுபட்டு எழுதியவர் தலைமை நீதிபதியாகிய அவர் ஒருவரே. மற்ற அறுவரும் எதிர்ப்பக்கம் நின்றனர். கோபாலன் தீர்ப்பின் குறுகிய நோக்கை 1970-இலும் 1978-இலும் உச்ச நீதிமன்றமே கைவிட்டது. சங்கரி பிரசாத் தீர்ப்பு 1967-இல் கோலக் நாத் வழக்கில் புறந்தள்ளப்பட்டது. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கு, திருத்தும் அதிகாரம் உண்டு, ஆயினும் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்கலாகாது என்னும் எல்லையை வகுத்தது. சொல்லுக்குக் கட்டுப்படும் நீதிபதியின் குறைபாடு இதுதான்: கொடிய சொல் சட்டமாக வந்துவிட்டால், அவர் கைகள் கட்டுண்டு போகும். இதை நாம் மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும், தம் விருப்பத்தையே சட்டம் ஆக்கிக்கொள்ளும் நீதிபதியிடம் நேரும் கேடு இதனினும் பெரிது. இன்று நமக்கு உவப்பாகத் தீர்ப்பளிப்பவர், நாளை நமக்கு எதிராகவும் அதே உரிமையோடு அளிப்பார். அப்பொழுது நாம் சுட்டிக்காட்ட ஒரு சொல்லும் இராது.

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி, நன்னடத்தை உள்ளவரை வாழ்நாள் முழுதும் பதவியில் இருக்கலாம். நம் நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு அறுபத்தைந்து வயதே எல்லை. ஆகவே, 1954 ஜனவரி 3-ஆம் நாளோடு பதஞ்சலி சாஸ்திரியார் ஓய்வு பெற்றார். திலக் சாலையிலுள்ள இன்றைய உச்ச நீதிமன்றக் கட்டடம் 1958-இல்தான் திறக்கப்பட்டது. அதில் அவர் அமரவில்லை. பின்னர்ச் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். தந்தையாரின் துறையான வடமொழிக் கல்விக்கும், திருப்பதியில் மத்திய அரசாங்கம் அமைத்த வித்யாபீடத்தின் வாயிலாகத் தொண்டு செய்தார். 1963 மார்ச்சு 16-ஆம் நாள் மறைந்தார்.

அரை நூற்றாண்டு கழிந்தது. கணிப்பொறியிலும் கைபேசியிலும் எழுதுவோரைச் சிறைப்படுத்த இடந்தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை, 2015 மார்ச்சு 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளிற்று. சாஸ்திரியார் காலத்தில் அத்தகைய கருவிகள் இல்லை. ஆயினும், அன்றைய நீதிபதிகள் 1950-ஆம் ஆண்டின் ரொமேஷ் தாப்பர் தீர்ப்பையும் 1952-ஆம் ஆண்டின் வி. ஜி. ராவ் தீர்ப்பையும் எடுத்துக்காட்டியே தம் முடிவை எழுதினர்.

ஊரை விட்டு வெளியே வாழும் நமக்கு, உறவினர் தொலைவில் இருக்கின்றனர். உள்ளூர்ச் செல்வாக்கும் குறைவு. நம்மைக் காப்பது எழுதி வைத்த சட்டமும், அதன் ஒவ்வொரு சொல்லையும் யாருக்கும் அஞ்சாமல், யாருக்கும் வளைக்காமல் படித்துச் சொல்லும் நீதிபதியுமே. தமக்கு ஒவ்வாத கருத்துடையோரின் ஏட்டுக்கும் வழி திறந்துவிட்ட பதஞ்சலி சாஸ்திரியார், அப்படிப் படித்துச் சொன்னவர்களுள் முதல்வரிசையில் நிற்பவர். நாம் வாழும் ஊர்களில், நம் பிள்ளைகள் பொதுவாழ்வுக்குரியோரின் பெயர்களைக் கற்கும்போது, இந்தப் பெயரையும் சேர்த்துக் கற்பிப்போமாக.